சொல் ஒன்று; பொருள் எது?

"மாலை வாடிற்று" என்றால் பூமாலை. "மாலை மயங்கிற்று" என்றால் பொழுது. பல பொருள் தரும் ஒரு சொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிக என்று சொல்லதிகாரத்திலேயே வழி வகுத்துவிட்டார் தொல்காப்பியர்.

காளமேகத்தின் சிலேடை ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் காட்டும். வகுப்பில் சொன்னால் மாணவர் சிரிப்பர், நானும் சிரிப்பேன். இரு பொருளும் வெளிப்படையாக நிற்பதால் அங்கே ஏமாறுவோர் இல்லை. சார்பை விலக்கிவிட்டுப் பொருள் கொள்ளும் இடத்தில்தான் தீங்கு.

'அறம்' என்னும் சொல்லைப் பாருங்கள், தோழர்களே! குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நூலின் நுழைவாயிலிலேயே, மனு முதலிய நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழித்தலுமே அறம் என்றார். அதன் கூறாகிய ஒழுக்கத்தை வருணத்தார்க்கு வகுத்த நெறி என்றும் விரித்தார். இலக்கண நுட்பத்தில் அவருக்கு இணை சொல்வது அரிது, மறுக்கவில்லை. ஆனால், இந்தப் பொருளுக்கு நூலில் சார்பு எங்கே?

34-ஆம் குறளில், உள்ளத்தில் மாசின்மையே அறம் என்கிறார் வள்ளுவர். அடுத்த குறளிலேயே பொறாமை, பேராசை, சினம், கடுஞ்சொல் நான்கையும் நீக்கியது அறம் என்கிறார். வருணம் எங்கே வந்தது? மனு எங்கே வந்தார்? 972-ஆம் குறளோ பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்கிறது. வீட்டுக்குள் விளக்கெரிய, வெளியே தீவட்டி தேடுவானேன்?

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, உரையைப் படித்துவிட்டுக் குறளைப் படித்ததாகச் சொல்கிறான். முதலில் 34-ஐயும் 35-ஐயும் அருகருகே வைத்து, அறம் என்பதன் பொருளை அவனே எழுதட்டும். பிறகு உரையைத் திறக்கட்டும்.