துரத்தும் கண்களும் காத்திருக்கும் கண்களும்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறைக்கு அடியில் 50,000 டன் காந்த இரும்பை அடுக்கி, நியூட்ரினோக்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். போடிநாயக்கனூரின் ஏலமலைச் சரிவிலிருந்து ஏறக்குறைய அதே தீர்க்கரேகையில் வடக்கே போனால் லடாக்கின் ஹான்லே வரும். அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குரோத்-இந்தியா தொலைநோக்கி நிற்கிறது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கை வந்ததும் அது தானே திரும்பி, வானில் மங்கிக்கொண்டிருக்கும் ஒரு புள்ளியைத் தேடத் தொடங்குகிறது. முதல் கருவிக்குத் திசை என்பதே கிடையாது. இரண்டாவதற்குத் திசைதான் எல்லாம். காமாக் கதிர் வெடிப்புகளின் பின்னொளியைத் தேடிப் பின்தொடரும் பணியில் இந்தியா ஈட்டியிருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வழியில் வந்தவை. அந்த வெற்றிகள் உண்மையானவை. ஆனால் எதை விட்டுவிட்டோம் என்று துரத்துகிறவருக்கு ஒருபோதும் தெரியாது. அதைச் சொல்லக் காத்திருக்கும் கருவி ஒன்று வேண்டும். அந்தத் தேவையை நம் வானியல் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பழக்கம் எப்படிப் பிறந்தது என்பதிலேயே அதன் வலிமை தெரிகிறது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-இல் முதல் வெடிப்பைப் பதிவுசெய்தன. செய்தி வெளியானது 1973-இல். அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம், இவை நம் பால்வெளிக்குள் நடப்பவையா அண்டத்தின் விளிம்பில் நடப்பவையா என்பதுகூடத் தீரவில்லை. சில நொடிகளில் அணைந்துவிடும் காமாக் கதிரைக் கொண்டு இடத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியாததே காரணம். 1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலிய-டச்சு செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ், ஒரு வெடிப்பு விட்டுச்சென்ற எக்ஸ் கதிர்ப் பின்னொளியைப் பிடித்தது. ஒரு நாளுக்குள் லா பால்மா தீவின் தொலைநோக்கி அதே இடத்தில் மங்கும் ஒளிப்புள்ளியைக் கண்டது. மே மாதத்தில் இன்னொரு வெடிப்பின் பின்னொளியைக் கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்து, செம்பெயர்ச்சி குறைந்தது 0.835 என்றது. தொலைவுச் சண்டை அத்தோடு முடிந்தது. பின்னொளி என்பது வெடிப்பிலிருந்து ஒளிவேகத்துக்கு நெருக்கமாகப் பீறிட்ட தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது உண்டாகும் அதிர்வலையின் ஒளி. அது தோராயமாக நேரத்துக்கு எதிர்விகிதத்தில் மங்குகிறது: முதல் நிமிடத்து ஒளி பத்தாம் நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கு, நூறாம் நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு. வேகம் இந்தத் துறையின் தலையாய அறமாக மாறியதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வேகத்தோடு தீர்க்கரேகையும் சேர்ந்ததால்தான் சிறிய இந்தியத் தொலைநோக்கிகளுக்கு இந்தப் பந்தயத்தில் இடம் கிடைத்தது. வெடிப்பு இரவு பகல் பார்ப்பதில்லை. கேனரித் தீவுகளில் இன்னும் பகலாகவும் ஆஸ்திரேலியாவில் விடிந்துகொண்டும் இருக்கும் மணிநேரங்களில் இருட்டிலிருப்பது நம் நாடு. நைனிதாலின் 104 சென்டிமீட்டர் சம்பூர்ணானந்த் தொலைநோக்கி 1999 ஜனவரியிலேயே ஜிஆர்பி 990123-இன் பின்னொளியை அளந்தது. 2003 மார்ச்சின் ஜிஆர்பி 030329-ஐப் புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி நீண்ட காலம் பின்தொடர்ந்தது. வெடிப்பிலிருந்து பீறிட்டது ஒற்றைத் தாரையா, ஒன்றுக்குள் ஒன்றான இரட்டைத் தாரையா என்ற விவாதத்தில் அந்தத் தரவுக்குப் பங்குண்டு. நைனிதால், ஹான்லே, புனே, நம் காவலூர் எல்லாமே கிழக்கு 74 முதல் 80 பாகைக்குள் அடங்கிவிடுகின்றன. உலக வலையில் இந்தக் கண்ணி இல்லாவிட்டால் ஒவ்வொரு பின்னொளி வளைகோட்டிலும் பல மணிநேர ஓட்டை விழும். ஒரு மீட்டருக்கும் குறைவான ஆடி, பத்து மீட்டர் ஆடிக்குக் கிடைக்காத அளவீட்டைத் தருகிறது. வானியலில் இது அரிது.

ஆனால் இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய வலிமை ஆடியிலோ வேகத்திலோ இல்லை. எச்சரிக்கைகள் முழுதாகப் புரிந்துகொள்ளப்படும் முன்பே எல்லாருக்கும் போய்ச்சேர்கின்றன. ஒவ்வொருவரும் பார்த்ததைச் சுற்றறிக்கையாகச் சில மணிநேரத்தில் வெளியிடுகிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் அன்றே சோதிக்கிறார். 2017 ஜனவரி 4 அன்று இரு கருந்துளைகள் இணைந்ததன் ஈர்ப்பலை பதிவானது. அலை வந்திருக்கக்கூடிய வானப் பகுதியில் அட்லஸ் தேடல் வேகமாக மங்கும் ஒளியொன்றைக் கண்டது. கருந்துளைகளின் இணைப்பு ஒளிவிட்டது என்றால் அது பாடநூல்களைத் திருத்தும் செய்தி. அப்போது ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் சிஇசட்டிஐ கருவி, ஈர்ப்பலைக்குச் சுமார் 21 மணிநேரம் கழித்து நடந்த ஜிஆர்பி 170105ஏ என்ற தனி வெடிப்பைத் தன் பதிவில் காட்டியது. ஒளி மங்கிய வளைகோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது இந்த வெடிப்பின் நேரத்தில்தான் போய் நின்றது. இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லை என்று நிறுவிய அந்த ஆய்வு ஒரு கண்டுபிடிப்பைத் தடுத்த ஆய்வு என்பதால் பொதுவெளியில் பெரிதாகப் பேசப்படவில்லை. நான் அதை இத்துறையில் இந்தியா செய்த மிகச் சிறந்த பணிகளில் ஒன்றாக வைப்பேன். கவனிக்க வேண்டியது, பிழையைத் திருத்தியது துரத்திய தொலைநோக்கி அன்று. சிஇசட்டிஐ உயர் ஆற்றலில் எல்லாத் திசைக்கும் திறந்திருக்கும் கருவி. யாரும் அதைத் திருப்பவில்லை, அது அங்கே இருந்தது.

குறைகள் இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன. ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் 2004-இல் ஏவப்பட்ட பிறகு, அது விரைந்து நோக்கிய வெடிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எக்ஸ் கதிர்ப் பின்னொளி கிடைக்கிறது. கண்ணுறு ஒளியில் கிடைப்பது சுமார் பாதிக்கு. தொலைவு தெரிவது மூன்றில் ஒன்றுக்கு. வெடிப்புகள் எங்கே, எந்தக் காலத்தில், எவ்வகை விண்மீன்களிலிருந்து பிறக்கின்றன என்று நாம் எழுதும் வரலாறெல்லாம் அந்த மூன்றில் ஒன்றின் மேல் நிற்கிறது. மிச்சமுள்ளவை தற்செயலாக விடுபட்டவை என்றால் பாதகமில்லை. ஆனால் அவை தூசி நிறைந்த விண்மீன் திரள்களில் நடந்ததாலோ, ஒளி முழுவதும் அகச்சிவப்புக்குப் போய்விடும் அளவு தொலைவில் இருந்ததாலோ, இயல்பிலேயே மங்கலாக இருந்ததாலோ விடுபட்டவை. அதாவது, நமக்குத் தெரியாதவை தெரிந்தவற்றைப் போன்றவை அல்ல. நைனிதால் அருகிலுள்ள தேவஸ்தலின் 3.6 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையில் இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்தது இதனாலேயே எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஒன்று ஜிஆர்பி 210205ஏ: காமாவும் எக்ஸ் கதிரும் உண்டு, கண்ணுறு ஒளி இல்லை. மற்றொன்று ஏடி2021ஏஎன்ஒய்: பின்னொளி உண்டு, அதற்குரிய காமா வெடிப்பை எந்தச் செயற்கைக்கோளும் அறிவிக்கவில்லை. எச்சரிக்கைக்குப் பின் ஓடும் முறையில் முதலாவது தோல்வியாகவும், இரண்டாவது நிகழாததாகவும் கணக்காகும். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பத்தின் ஆட்களாக இருக்கலாம்.

வேகத்துக்கு முன்னுரிமை தருவதில் இன்னொரு சேதமும் உண்டு: பொறுமைக்கு நேரம் மிஞ்சுவதில்லை. 2017 ஆகஸ்ட் 17-இன் நியூட்ரான் விண்மீன் இணைப்பில் காமா வெடிப்பு ஈர்ப்பலைக்குப் பின் 1.7 நொடிகளில் வந்தது. எக்ஸ் கதிர்ப் பின்னொளி ஒன்பதாம் நாள்தான் தென்பட்டது, ரேடியோ பதினாறாம் நாள். அதன்பின் மாதக்கணக்கில் அது ஏறிக்கொண்டே போனது. அந்த ஏற்றத்தை அளந்தவற்றில் புனே ரேடியோ தொலைநோக்கியும் ஒன்று. முதல் நாள் ஒன்றும் இல்லை என்று கதவை அடைத்திருந்தால் தாரையின் வடிவம் நமக்குத் தெரிந்திருக்காது. 2021 டிசம்பர் 11-இன் ஜிஆர்பி 211211ஏ கதையும் இதுவே. சுமார் 50 நொடி நீண்ட வெடிப்பு அது. நீண்டவை பெருவிண்மீன் இறப்பிலிருந்து, குறுகியவை நியூட்ரான் விண்மீன் இணைப்பிலிருந்து என்பது கால் நூற்றாண்டாகக் கற்பித்த வகைப்பாடு. நூறு கோடி ஒளியாண்டுக்குச் சற்று அப்பால் நடந்த இதை நாட்கணக்கில் தொடர்ந்தபோது சூப்பர்நோவா வரவில்லை. கன உலோகங்களை உருவாக்கும் கிலோநோவாவின் சிவந்த ஒளி வந்தது. அதைத் தொடர்ந்தவற்றில் தேவஸ்தலும் இருந்தது. வகைப்பாட்டை நம்பி நேரம் ஒதுக்கியிருந்தால் வகைப்பாடு தவறென்று தெரிய வழியே இருந்திருக்காது.

தொலைநோக்கி நேரம் அரிது, பொறுக்கியெடுக்காமல் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொறுக்கத்தான் வேண்டும், எந்த விதியால் பொறுக்குகிறோம் என்பதே பிரச்சினை. இன்றைய நடைமுறை விதி, ஒளிமிக்கதைப் பார் என்பது. 2022 அக்டோபர் 9-இன் ஜிஆர்பி 221009ஏ போன்ற ஒன்று வந்தால் உலகமே திரும்புகிறது. அதற்கடுத்த வாரங்களின் சாதாரண வெடிப்புகளுக்குக் கேட்பாரில்லை. ஒவ்வொரு தொலைநோக்கியும் தன் நேரத்தில் ஒரு சிறு பங்கையாவது முன்கூட்டி அறிவித்த விதிப்படி, பிரகாசம் பாராமல் ஒதுக்கி, பார்த்தும் கிடைக்காதவற்றை எந்த ஆழம் வரை பார்த்தோம் என்ற அளவோடு வெளியிட்டால் விடுபட்டவற்றின் கணக்கு சேரும். அகன்ற வானத்தை இரவுதோறும் படமெடுக்கும் புதிய தேடல்கள் இதைத் தீர்த்துவிடும் என்ற பதிலும் உண்டு. பாதி உண்மை. ஏடி2021ஏஎன்ஒய் அப்படித்தான் கிடைத்தது. ஆனால் அதற்குக் காமா வெடிப்பு இருந்ததா இல்லையா என்று சொல்ல, அந்த நொடியில் அந்தத் திசைக்குத் திறந்திருந்த கண் வேண்டும்.

ஆகவே காத்திருக்கும் கருவிகளுக்கு வருகிறேன். அவற்றின் மதிப்பைச் சொல்லத் தென்துருவப் பனிக்கட்டிக்குள் புதைந்த நியூட்ரினோ உணரியான ஐஸ்கியூப் போதும். காமா வெடிப்புகள்தான் மிக உயர் ஆற்றல் அண்டக் கதிர்களின் பிறப்பிடம் என்பது ஒளியைத் துரத்தியவர்களின் படத்துக்கு அழகாகப் பொருந்திய கருத்து. அது சரியானால் வெடிப்போடு நியூட்ரினோவும் வரவேண்டும். 2012-இல் ஐஸ்கியூப் வெளியிட்ட முடிவில் நியூட்ரினோ இல்லை. மேல்வரம்பு கணிப்பைவிடக் குறைந்தது 3.7 மடங்கு கீழே இருந்தது. 221009ஏ-விலும் இல்லை. எத்தனை பின்னொளிகளைத் தொடர்ந்திருந்தாலும் ஒளியால் இந்தத் திருத்தத்தைத் தந்திருக்க முடியாது. 1987-இன் சூப்பர்நோவா இன்னும் துலக்கமான சான்று: புரோட்டான் சிதைவைத் தேடக் கட்டிய ஜப்பானின் காமியோகாண்டே, வானில் புதிய விண்மீன் தெரிந்தது என்ற செய்திக்குப் பிறகு பழைய பதிவைத் திருப்பிப் பார்த்து நியூட்ரினோக்களைக் கண்டது. இந்தப் பொறுமை நமக்குப் புதிதன்று. வளிமண்டல நியூட்ரினோவை 1965-இல் முதலில் பதிவுசெய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல் சுரங்கம்.

பொட்டிபுரத்தின் இரும்பு காமா வெடிப்புக்காக வடிவமைக்கப்பட்டதன்று. அந்தத் தடித்த தகடுகளுக்குள் சூப்பர்நோவாவின் தாழ் ஆற்றல் நியூட்ரினோவும் தடம் விடாது. வளிமண்டல நியூட்ரினோக்களைக் கொண்டு அவற்றின் நிறை வரிசையை அறிவதே அதன் நோக்கம். அதை வெடிப்பு வேட்டைக்கான கருவியென்று விற்பது நேர்மையாகாது. நான் அதை இங்கே கொண்டுவருவது, காத்திருப்பின் விலை என்னவென்று அது காட்டுவதால். துரத்தும் வலையில் ஒரு கண்ணி மேகத்தில் மூழ்கினால் அடுத்தது பார்க்கும். காத்திருக்கும் பெருங்கருவிக்கு ஒரே மலை, ஒரே ஊர், பல பத்தாண்டுகள். அந்த ஊர் ஒப்பாவிட்டால் மாற்றில்லை. நீலகிரியின் சிங்காரா 2009-இல் புலிகளின் காட்டுக்காக மறுக்கப்பட்ட பின் பொட்டிபுரத்தை ஒட்டிய போடி மேற்கு மலைக்கு வந்த திட்டம் இது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று. 2018-இல் அனுமதி மீண்டும் கிடைத்தபோதும், மதிகெட்டான்சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் காட்டுயிர் வாரிய ஒப்புதல் தேவைப்பட்டது. 2022 பிப்ரவரியில் புலிகளின் வழித்தடத்தைச் சுட்டி, அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. நியூட்ரினோ கதிர்வீச்சாக மாறிக் கொல்லும் என்பது போன்ற அச்சங்களுக்கு அறிவியல் ஆதாரமில்லை. ஆனால் சுரங்கத்துக்காக உடைக்கும் பாறை, தூசி, நீர், காடு பற்றிய கேள்விகள் வேறு வகை. அவற்றை முன்னதோடு சேர்த்துத் தள்ளியது பெரும்பிழை. பின்னொளித் துறை தன் அரைகுறைத் தகவலைக்கூட முதல் மணிநேரத்தில் எல்லார் முன்னும் வைக்கிறது. அந்தப் பழக்கம் இங்கே மிகத் தேவையாக இருந்தது. ஊருக்கு விளக்கங்கள் பெரும்பாலும் எதிர்ப்புக்குப் பிறகே போயின.

எல்லாக் காத்திருப்புக்கும் மலை வேண்டியதில்லை. 2017 ஆகஸ்ட் வெடிப்பின்போது ஆஸ்ட்ரோசாட் பூமியின் மறுபக்கத்தில் இருந்தது. வழியில் பூமி நின்றதால் சிஇசட்டிஐ எதையும் காணவில்லை. நூற்றுக்கணக்கான வெடிப்புகளைப் பதிவுசெய்த கருவிக்கே அந்தக் கதி. ஐஐடி மும்பையும் பிற இந்திய நிறுவனங்களும் முன்மொழிந்துள்ள தக்ஷா திட்டம் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தி, எந்த நேரமும் ஏறக்குறைய முழு வானத்தையும் திறந்த கண்ணோடு வைத்திருக்க எண்ணுகிறது. அதற்கு நிதி கிடைப்பதும், ஹான்லேயிலும் தேவஸ்தலிலும் ஒளி குன்றிய வெடிப்புகளுக்கென்று விதிப்படி இரவுகள் ஒதுக்கப்படுவதும், கிடைக்காதவற்றின் பட்டியல் கிடைத்தவற்றின் பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சாவதும் இன்னொரு பெரிய ஆடி கட்டுவதைவிட முன்னால் நடக்க வேண்டியவை.