தீண்டப்படாத கடற்கரை

போன வருஷம் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்கு மொரீஷியஸ் சுற்றுலாக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஐந்து இரவு, ஆறு பகல், கடற்கரை விடுதி, ஒருநாள் கோல்ஃப். வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. ஆங்கிலப் பிரதி அந்த வெள்ளை மணலை யார் கையும் படாதது என்று வர்ணித்திருந்தது. நான் ரொம்ப யோசிக்காமல் 'தீண்டப்படாத கடற்கரை' என்று போட்டேன்.

திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் நைனா பக்கத்தில் இருந்தார். "தீண்டப்படாதன்னா இன்னாடா? யாரும் தொடலையா, இல்ல தொட வுட மாட்டானுங்களா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன். ராத்திரி அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. நைனா கேட்டது சொல்லைப் பற்றி. எனக்கு இடித்தது வாக்கியம். 'அறைகள் தினமும் சுத்தம் செய்யப்படும்.' 'பிடித்த மீன் உங்கள் முன்னாலேயே சமைக்கப்படும்.' 'பதினெட்டுக் குழி மைதானத்தின் புல் சீராக வெட்டப்பட்டிருக்கும்.' எல்லாமே 'படும்', 'படும்', 'படும்'. யாரால்? அந்த இடத்தில் ஆளே இல்லை. நம்ம வீட்டில் யாராவது 'மீன் கழுவப்பட்டது' என்று சொல்வோமா? 'அம்மா மீன் கழுவிட்டாங்க' என்போம். பேச்சுத்தமிழ் பெரும்பாலும் ஆளோடுதான் வேலையைச் சொல்கிறது. விடுமுறைத் தமிழ் வேலையை வைத்துக்கொண்டு ஆளைக் கழற்றிவிடுகிறது. அந்தத் தமிழை எழுதியது நான்தான்.

இந்தத் தீவைச் சொர்க்கமாக எழுதுவது பழைய பழக்கம். 1788இல் பெர்னார்டின் த சேன்பியேர் எழுதிய 'பால் எ விர்ஜினி' என்ற பிரெஞ்சு நாவல் நடப்பது இங்கேதான். கள்ளமில்லாத இரண்டு பிள்ளைகள், இயற்கை, காதல், கப்பல் விபத்து. ஐரோப்பா அழுது தீர்த்த கதை. அந்தச் சொர்க்கத்திலும் அடிமைகள் உழைக்கிறார்கள். அவர்களுக்குப் பெயராவது இருக்கிறது: தொமேங், மரி. நான் மொழிபெயர்த்த கையேடு அந்தப் பெயர்களையும் எடுத்துவிட்டது.

கையேடு விட்டதை நாமாவது சொல்லலாம். 1834 முதல் ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் போய் இறங்கினார்கள். அதில் ஒரு பங்கு நம் சென்னைக் கரையிலிருந்து கப்பலேறியது. அவர்கள் இறங்கிய போர்ட் லூயிஸ் படித்துறை, ஆப்ரவாசி காட், 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. 1998இல் வரிசையை மாற்றித் தமிழை இந்திக்குக் கீழே அச்சிட்டபோது அங்கிருந்த தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், மத்திய வங்கி அந்த நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. தமிழில் படிக்கிற பயணிக்கு இதைவிடச் சுவாரஸ்யமான தகவல் என்ன இருக்க முடியும்? கையேட்டில் ஒரு வரி இல்லை.

கோல்ஃபுக்கு வருவோம். ஐரோப்பா 2006இலிருந்து சர்க்கரைக்குக் கொடுத்த சலுகை விலையைக் குறைத்தது. கரும்பு முதலாளிகள் நிலத்துக்கு வேறு வேலை தேடினார்கள். வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு வில்லா விற்கும் திட்டத்தை அரசு ஏற்கெனவே கொண்டுவந்திருந்தது. வில்லாவோடு கோல்ஃப் மைதானமும் வந்தது. தெற்கே பெல் ஓம்ப்ர என்ற பழைய கரும்பு எஸ்டேட்டில் இன்று ஆடம்பர விடுதிகளும் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன. கூலிகள் கல் பொறுக்கி, கரும்பு வெட்டிய மண் அது. இன்று அதன்மேல் பந்து உருள்கிறது.

இந்தக் கையேட்டுக்கு எதிர்ப்பிரதியாக நான் படித்தது, அனந்தா தேவியின் 'ஈவ் த சே தேகோம்ப்ர' (2006). 2016இல் ஆங்கிலத்தில் வந்தது. தேவி மொரீஷியஸ்காரர், தெலுங்கு வம்சாவளி, பிரெஞ்சில் எழுதுகிறவர். 2024ஆம் ஆண்டின் நியூஸ்டாட் பரிசு அவருக்குத்தான். கதை நடக்கும் த்ரூமாரோன், போர்ட் லூயிஸில் அவர் கற்பனை செய்த ஏழைக் குடியிருப்பு. அம்மாக்கள் வேலை பார்த்த ஃபாக்டரி மூடிவிட்டது. பிள்ளைகள் கேங்காகத் திரிகிறார்கள். ஈவ், பள்ளிக்கூடப் பொருள்களுக்காகத் தன் உடம்பைப் பண்டமாற்றாகத் தரத் தொடங்கிய பெண். சாத், ரேம்போவைப் படித்துவிட்டுச் சுவரில் எழுதுகிற பையன். அப்புறம் சவிதா, க்ளேலியோ. நாலு பேரும் மாறிமாறி 'நான்' என்று பேசுகிறார்கள்.

அந்த 'நான்'தான் எனக்கு முக்கியம். 'படும்' என்ற வினையில் காணாமல் போனவர்கள் இங்கே எழுவாயாகத் திரும்பி வருகிறார்கள். பின்னி மில் மூடியதைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மூடிய ஃபாக்டரியை விளக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. நாலு குரலும் ஒரே கவித்துவத்தில் பேசுகின்றன. க்ளேலியோவின் கோபமும் சாத்தின் காதலும் ஒரே பேனாவிலிருந்து வருவது தெரிகிறது. சில பக்கங்களில் வலியே அழகாகிவிடுகிறது. சொர்க்கத்தை விற்பது போலவே நரகத்தையும் அழகாக விற்க முடியும். வட சென்னையைக் கத்தியும் கானாவுமாக மட்டும் காட்டுகிற நம் படங்களிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் ஈவைப் பார்த்து நாம் பரிதாபப்பட தேவி இடம் கொடுப்பதில்லை. அவளே கணக்குப் போடுகிறாள், அவளே முடிவெடுக்கிறாள். அதனால் நாவல் தப்பிக்கிறது.

சரி, இதெல்லாம் எங்கோ இருக்கிற தீவின் கதையா? ராயபுரத்தில் நின்று பாருங்கள். நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1870களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து நின்றது, கடல் ராயபுரத்திலிருந்து மேலே கரையைத் தின்ன ஆரம்பித்தது. இன்று எண்ணூர் வரைக்கும் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். ஊரே காற்று வாங்கப் போகிற அந்தக் கடற்கரையும், கால் வைக்க மணலில்லாத எங்கள் கடற்கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அதற்கும் வடக்கே கடலும் கழிமுகமும் சூழ்ந்த காட்டுப்பள்ளித் தீவு. அங்கே கோல்ஃப் இல்லை. அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் இருக்கின்றன. தீவை யாருக்காக ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பது மாறுகிறது, யாரை நகரச் சொல்கிறார்கள் என்பது அவ்வளவாக மாறுவதில்லை.

மொரீஷியஸ்காரர்கள் சும்மா இல்லை. விடுதிகளுக்குக் குத்தகையாகப் போகும் கரைகளுக்காக ஓர் இயக்கம் நடத்துகிறார்கள். 'ஆரெட் கொக்கென் நூ லாப்ளாஸ்' என்று அதற்குப் பெயர். எங்கள் கடற்கரையைத் திருடாதே என்று அர்த்தம். கிரியோல் பேச்சுமொழியில் சொன்ன வாக்கியம். அதில் 'படும்' இல்லை. யாரோ ஒருத்தரை நேராகப் பார்த்து 'திருடாதே' என்கிறது.

விடுமுறைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கடலைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமில்லை, நைனாவுக்கே அந்தத் தீவைப் பார்க்க ஆசைதான். போகிறவர்கள் பையில் தேவியின் நாவலையும் வைத்துக்கொள்ளுங்கள். புல்லைப் பார்க்கும்போது யார் வெட்டினார்கள் என்று ஒரு தடவை கேளுங்கள்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் போன் பண்ணி அந்தச் சொல்லை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். அச்சுக்குப் போயாச்சு என்றார்கள். பணம் வந்தது, வாங்கிக்கொண்டேன். ஒரு பிரதி வீட்டில் கிடக்கிறது. நைனா அதன்மேல்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கிறார்.