குலுக்கிப் போட்ட பாதாளம்

இளம்பிள்ளையில் சேலை நெய்கிறவர் ஒருவரிடம் போய், “உங்கள் முந்தியில் மாங்காய் ஏன் இந்த இடத்தில் வந்து விழுந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். சிரித்துவிடுவார். விழுவதாவது! கட்டம் போட்ட தாளில் ஒருவர் உட்கார்ந்து வரைந்தார். அதைப் பார்த்து அட்டையில் துளையிட்டார்கள். துளை சொன்னபடி பாவு நூல் ஏறி இறங்கியது. தறி அதே மாங்காயை ஆயிரம் தடவை நெய்யும். ஆனால் மாங்காய் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையைத் தறி ஒருநாளும் கேட்டதில்லை.

1804-இல் ஜக்கார்டு என்ற பிரெஞ்சுக்காரரின் தறியால் பெயர் பெற்ற இந்தத் துளை அட்டை, கம்ப்யூட்டருக்கு ஒருவகையில் முப்பாட்டன். பேரன் பாட்டனைவிடத் துணிச்சல்காரன். “மாங்காயின் இடத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான்.

வாளேந்திய ஒரு பாத்திரமாக நாமே மாறி, அரக்கர்களைச் சாய்த்துக்கொண்டு போகும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். வீட்டுப் பிள்ளைகள் இதை ‘ஆக்‌ஷன் ரோல் பிளேயிங்’ என்பார்கள். இதில் இரண்டு கட்சிகள் உண்டு. சுவர், படி, கதவு எல்லாவற்றையும் மனிதர்களே யோசித்து வைத்த உலகம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் யந்திரம் அறைகளைக் குலுக்கிப் போட்டு அடுக்கித் தரும் பாதாளம் மற்றொன்று.

குலுக்கல் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. 1980-இல் வந்த ‘ரோக்’ என்ற விளையாட்டில் சித்திரமே கிடையாது. வெறும் எழுத்துக் குறிகள்தாம். தாங்கள் செய்ததைத் தாங்களே ஆடி வியக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் ஆசை. செத்தால் செத்ததுதான், மறுபடி புதுப் பாதாளம். அங்கே வழியை மனப்பாடம் செய்ய முடியாது, விதியைத்தான் கற்றுக்கொள்ள முடியும். தாயக்கட்டை உருட்டுகிற சுகம் அது. ஆனால் பரமபத சோபனத்தில்கூடக் கட்டைதான் உருள்கிறதே ஒழிய, படத்திலுள்ள பாம்பும் ஏணியும் இடம் மாறுவதில்லை!

1996-ஆம் ஆண்டு முடிவில் வெளிவந்த ‘டயாப்லோ’வைப் பாருங்கள். மேலே டிரிஸ்ட்ராம் என்ற சிற்றூர் அப்படியே இருக்கும். மாதா கோயிலுக்கு அடியிலுள்ள பதினாறு நிலைப் பாதாளம் மட்டும் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் உருமாறும். பல வருஷம் கழித்தும் ஆடியவர்கள் எதைச் சொல்லி நடுங்குகிறார்கள்? இரண்டாம் நிலையில் ரத்தம் தோய்ந்த ஓர் அறையில் காத்திருக்கும் கசாப்புக்காரனை! அந்த அறை மனிதக் கை வரைந்தது. அதை எந்த மூலையில் பொருத்துவது என்பதை மட்டுமே யந்திரம் முடிவு செய்தது. யந்திரம் தானே இணைத்த தாழ்வாரங்களில் ஒன்றையாவது யாராவது ஞாபகம் வைத்துப் பேசக் கேட்டதுண்டா?

இதற்கு நேர் எதிர், 2011-இல் ஜப்பானிலிருந்து வந்த ‘டார்க் சோல்ஸ்’. பாழடைந்த ஒரு மண்டபத்தில், நெருப்பருகே பயணம் தொடங்குகிறது. கோட்டை, பாலம், கோயில் என்று மணிக்கணக்கில் அடிபட்டு, உதைபட்டு, வீடு வெகுதூரம் என்று நினைத்திருக்கும் வேளையில் கோயிலுக்குள் ஒரு மின்தூக்கி. இறங்குகிறோம், கதவு திறக்கிறது. எதிரே அதே மண்டபம், அதே நெருப்பு! இத்தனை நாழிகையும் நாம் வீட்டின் தலைக்குமேலேதான் சுற்றிக்கொண்டிருந்தோம்! அந்த நிமிஷத்தின் நிம்மதியை எந்தக் குலுக்கலும் தராது. நமக்கு முன்பே ஒருவர் அந்த வழியே நடந்து, நாம் எங்கே களைப்போம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாவல் படிக்கிறவர்கள் ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதும் இந்தத் துணையைத்தான்.

அதே நிறுவனம் 2015-இல் ‘பிளட்போர்ன்’ செய்தபோது, கையால் சமைத்த நகரத்தோடு, கிண்ணச் சடங்கால் திறக்கும் நிலவறைகளையும் வைத்தது. அவற்றில் பலவற்றை யந்திரமே கோத்தது. நகரத்துச் சந்துகளை ஆடியவர்கள் ஊர்க்காரர்போல் விவரிக்கிறார்கள். நிலவறையைப் பற்றிக் கேட்டால், “ஒரு விசையைத் தேடி இழுக்க வேண்டும், கதவு திறக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

‘தெரிந்த வழியில் மறுபடி போவானேன்?’ என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்துக் கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் ஜனங்கள் போகிறார்கள். மலை போன மாதம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அந்தக் காரணத்துக்காக யாரும் பாதி வழியில் திரும்பியதாகத் தெரியவில்லை.

கையால் செய்ததெல்லாம் உயர்வு என்று சாதிக்க வரவில்லை. 2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ பிரம்மாண்டமான சிருஷ்டி. மனிதர்கள் திட்டமிட்ட நிலம். ஆனால் அதன் சில்லறைக் கல்லறைக் குகைகளில் அதே கல், அதே படி, அதே விசை திரும்பத் திரும்ப வருகின்றன. பக்கத்தை நிரப்ப வேண்டிய அவசரத்தில் தொடர்கதை எழுதுகிறவரைப்போல, கையே யந்திரமாகிவிட்ட இடம் அது. அங்கே ஆடுகிறவர்கள் சுவரை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. விசையை இழுத்துவிட்டு ஓடுகிறார்கள்.