கத்தியவார் குதிரைக்குக் காது போதுமா?

கத்தியவார் குதிரை என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது அதன் காதைப் பற்றித்தான். உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொட்டு நிற்கும் அந்தக் காதுகள் அரைவட்டம் முழுக்கத் திரும்பக்கூடியவை. ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் காத்தி மக்களும் குறுநில மன்னர்களும் இந்த இனத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தது காதுக்காக மட்டும் அல்ல. வறண்ட நிலத்தில், குறைந்த தீவனத்தில், நாளெல்லாம் ஆளைச் சுமந்து அலுங்காமல் போகும் ஒரு குதிரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பேணப்பட்டதுதான் ரேவால் என்னும் நடை. காது, நடை இரண்டில் எதை முன்வைத்து இந்த இனத்தைத் தேர்ந்து வளர்க்க வேண்டும் என்பதே இங்கே எடைபோட வேண்டிய கேள்வி.

முதலில் நடையைப் பார்ப்போம். சாதாரணக் குதிரை மெதுநடையைவிட வேகம் கூட்டும்போது முன்னங்கால் ஒன்றும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து எழும். ஒவ்வொரு அடிக்கும் இடையே உடல் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி இறங்கும். சேணத்தில் இருப்பவரின் இடுப்பும் முதுகும் அந்த அதிர்வை வாங்கும். ரேவாலில் ஒரு பக்கத்துப் பின்னங்காலும் முன்னங்காலும் அடுத்தடுத்து நகர்கின்றன, பிறகு மறுபக்கம். நல்ல ரேவால் குதிரையைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் கால்கள் வேகமாக ஓடும், முதுகு மட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும். ஏறியிருப்பவரின் தலைப்பாகை எம்பாது. கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியும்: குளம்பொலி இரண்டிரண்டாகச் சேராமல், சீரான நான்கு தட்டுகளாக வரும். குதிரை களைத்துப்போனால் அந்த நான்கும் இரண்டாக ஒட்டிக்கொள்ளும், உடல் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அது நடை கெட்டதன் அடையாளம்.

காதுக்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சமஸ்தானங்கள் 1948இல் சௌராஷ்டிர மாநிலமாக இணைந்தன. மன்னர் மானியம் 1971இல் ஒழிந்தது. அரண்மனை லாயங்களோடு அவற்றின் வம்சாவளிப் பதிவுகளுக்கும் ஆதரவு குறைந்தது. ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் வந்த பிறகு கிராமத்தில் குதிரையின் வேலையும் போயிற்று. ஏடு இல்லாத அந்த ஆண்டுகளில் ஓர் எளிய விவசாயியால் தன் குதிரை எந்த இனம் என்று காட்ட முடிந்ததற்குக் காதுதான் சாட்சி. அரபுக் குதிரையையோ பந்தயக் குதிரையையோ கலந்தால் அந்த வளைவு தளர்ந்துவிடும். கலப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமே இனத்துக்கு வேலி ஆயிற்று. இந்த நன்றிக்கடனை மறுப்பது நியாயமாகாது.

ஆனால் வேலி என்பது வேறு, விளைச்சல் என்பது வேறு. காதின் வாதம் மூன்று இடங்களில் தடுமாறுகிறது. ஒன்று, ராஜஸ்தானின் மார்வாரி குதிரைக்கும் இதே வளைந்த காதுதான். ஆகவே இரண்டு இனங்களும் தமக்குள் கலந்தால் காது சாட்சி சொல்லாது. இரண்டு, காது எவ்வளவு நேர்த்தியாகக் கூடினாலும் கால், முதுகு, மூச்சு ஆகியவற்றைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. மூன்று, மிக முக்கியமானது: சிறிய இனத்தில் ஒரே ஒரு அழகை மட்டும் பார்த்துப் பொலிகுதிரையைத் தேர்ந்தால், யாரும் கவனிக்காத குணங்கள் தலைமுறைக்குத் தலைமுறை சத்தமில்லாமல் நழுவிப்போகும். காது போனால் ஊரே பார்க்கும். நடை போனால், சவாரி செய்பவர் இல்லாத லாயத்தில் யாருக்கும் தெரியாது.

இந்த ஆபத்து தமிழ்நாட்டுக்கும் அந்நியமல்ல. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் கத்தியவார், மார்வாரி குதிரைகள் வருகின்றன. அங்கே குதிரையைச் சுற்றி நிற்பவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், காதைப் பார்க்கிறார்கள், உயரத்தைக் கேட்கிறார்கள். மேளத்துக்கு ஆடுமா என்று விசாரிக்கிறார்கள். அலுங்காத நடையில் அஞ்சு மைல் போகுமா என்று கேட்பவர் அரிது. வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறாரோ அதைத்தான் வளர்ப்பவர் வளர்ப்பார். அதில் வளர்ப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

நடை பிறவியிலேயே வருவதா, பழக்கி வருவதா என்ற கேள்வி பலகாலம் விவாதமாக இருந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் லீஃப் ஆண்டர்சன் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெரும் வெளிச்சம் பாய்ச்சியது. தண்டுவடத்தில் கால்களின் அசைவை ஒருங்கிணைக்கும் நரம்பணுக்களில் வேலை செய்யும் டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரு மாற்றம், குதிரைகளின் பக்கநடைகளோடு நெருங்கிய தொடர்புடையது என்று அது காட்டியது. ஐந்து நடை கொண்ட ஐஸ்லாந்துக் குதிரைகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த மாற்றத்தைத் தாய் வழியிலும் தந்தை வழியிலும் பெற்றிருந்தன. அதே மாற்றம் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட்பிரெட் ஓட்டக் குதிரைகளிடமும் பரவலாக உண்டு. அவற்றில் பல எதிர்ப்பக்கக் கால்களைச் சேர்த்துத்தான் ஓடுகின்றன. மரபணு வாசலைத் திறந்து வைக்கிறது. தாளத்தைப் பழக்குவது சவாரிக்காரரின் கை. ஆகவே ரத்தப் பரிசோதனை ஒரு துணைச் சான்று, தீர்ப்பு அல்ல. ஆனால் பிறவியில் இல்லாததைப் பழக்கி முழுமையாகக் கொண்டுவர முடியாது என்பதால், தேர்வு பொலிகுதிரையில் தொடங்கியாக வேண்டும்.

அப்படியானால் நடைக்கு மதிப்பெண் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்காவின் டென்னசி நடைக்குதிரை இதற்கு வேதனையான பாடம். முன்னங்காலை எவ்வளவு உயரமாகத் தூக்குகிறது என்பதைக் காட்சி அரங்கில் பரிசாக்கினார்கள். காலைத் தரையில் வைக்கவே குதிரை அஞ்சும்படி கணுக்காலில் எரியும் ரசாயனம் தடவும் கொடுமை அதிலிருந்து முளைத்தது. 1970இல் அமெரிக்கா தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நல்ல முறையில் நடத்தப்படும் ஐஸ்லாந்துப் போட்டிகளில்கூடக் குதிரைகளின் வாயில் கடிவாளக் காயங்கள் கண்டறியப்பட்டன. நடையை மிகைப்படுத்தச் சொல்லும் எந்த அளவுகோலும் குதிரையின் உடம்பில் போய்த்தான் முடியும்.

ஆனாலும் ஐஸ்லாந்திடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அங்கே இனவிருத்திக்கான குதிரையை உடலமைப்புக்கும் சவாரிக்கும் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள், மொத்தத்தில் சவாரிக்கே கூடுதல் பங்கு. அந்த மதிப்பீடு மந்தை முழுவதற்குமான பொதுத் தரவுத்தளத்தில் ஏறுகிறது. தன் பெண் குதிரையை எந்தப் பொலிகுதிரையிடம் கொண்டுபோவது என்று முடிவெடுக்க வளர்ப்பவர் அழகுப் போட்டிக் கோப்பையைப் பார்க்க வேண்டியதில்லை.

உயரத்தின் மோகத்தையும் இங்கேயே கணக்கில் எடுக்க வேண்டும். கத்தியவார் குதிரையின் தோள் உயரம் சராசரியாக 147 செ.மீ. லாடம் இல்லாமல் 148 செ.மீ. வரை உள்ளதை மட்டக்குதிரை என்று வகைப்படுத்துகிறது சர்வதேசப் போட்டி விதி. ஆகவே இது அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குதிரை. அந்த அளவுதான் குறைந்த தீவனத்தில் பிழைக்கும் சிக்கனத்தைத் தந்தது. ஊர்வலத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று உயரத்தைக் கூட்டுகிறவர் இனத்தை உயர்த்துவதில்லை, வேறொன்றாக மாற்றுகிறார்.

தயங்க நேரமும் இல்லை. நாட்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு 2019இல் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து 3.4 லட்சம் என்று சொன்னது. 2012ஐவிட ஏறத்தாழ 45 சதவீதம் குறைவு. எல்லா இனங்களும் கலப்புகளும் சேர்ந்த கணக்கு இது. இவ்வளவு குறுகிய மந்தையில் ஒவ்வொரு தவறான தேர்வும் திரும்பப் பெற முடியாதது.

என் தீர்ப்பு இது. காது நுழைவுத் தகுதியாக இருக்கட்டும்: வளைவு உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்துப் பதிவேட்டில் சேர்க்கலாம், எவ்வளவு நேர்த்தி என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். இனவிருத்திக்குத் தேர்வாகும் பொலிகுதிரைகளும் பெண் குதிரைகளும் சேணத்தின் கீழ் ரேவாலில் நீண்ட தூரம் நடந்து காட்ட வேண்டும். கால் எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கக் கூடாது. நான்கு தட்டு கெடாமல் வந்ததா, முதுகு அலுங்காமல் இருந்ததா, போய்ச் சேர்ந்ததும் மூச்சு எவ்வளவு விரைவில் அடங்கியது, வாயிலும் காலிலும் காயம் இல்லையா என்பவையே அளவுகோல். பாய்ச்சலுக்கு மாறினால் தோல்வி என்ற ரேவால் போட்டி மரபும் இந்தப் பக்கமே நிற்கிறது. உயரத்துக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்த வேண்டும். சந்தையில் நிற்கும் நாமும் விலை பேசுமுன் ஏறி ஒரு மைல் போய்ப் பார்க்க வேண்டும். காதை மட்டும் காப்பாற்றினால் இனத்தின் முகம் மிஞ்சும். நடையைக் காப்பாற்றினால்தான் இனம் மிஞ்சும்.