துண்டு விழும் சூரியன்

அமெரிக்காவில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களைப் பற்றி ஜெஸிகா ப்ரூடர் 2017-ல் ‘நோமேட்லேண்ட்’ என்ற புத்தகம் எழுதினார். 2020-ல் படமாகி, அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கியது. அந்த வாழ்க்கையின் குளிரையும் கூலி வேலையையும் அது மறைக்கவில்லை. ஆனால், ‘வேன் கூரையில் சோலார் மாட்டுவது எப்படி?’ என்று அங்கிருந்து வரும் யூட்யூப் வீடியோக்கள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலானவை சுபம் போட்டு முடியும் சினிமாக்கள்.

கதை ஒன்றுதான். பளபளவென்று இரண்டு பேனல்கள், பின்னணியில் கிடார். பத்தே நிமிஷத்தில் உள்ளே விளக்கு எரிகிறது. கடைசி ஷாட்டில் வேன் உயரமான பைன் மரங்களுக்கு அடியில் நிற்கும். கவனியுங்கள், நிழலில்! ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே பேனலின் கரன்ட் சரிந்துவிடும். சுதந்திரம் என்று அவர்கள் காட்டுவது, பேட்டரி சார்ஜ் ஏறாத இடத்தை.

நான் படித்தது காமர்ஸ். எனவே முதல் புகார், இவர்கள் செலவை விட்டுவிட்டு வரவில் ஆரம்பிக்கிறார்கள் என்பது. நீங்களே கணக்குப் போடுங்கள். 45 வாட் ஃபிரிட்ஜ் விட்டு விட்டு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் 540 வாட்-அவர். லேப்டாப்புக்கு 180. விளக்கு, ஃபேன், செல்போன் எல்லாம் சேர்த்து 150. ஆக, 870. இப்போது வரவு. 200 வாட் பேனல், ஐந்து மணி நேர நல்ல வெயில், 1,000. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். கூரையில் படுத்த வாக்கில் கிடப்பது, சூடு, தூசி, ஒயர் என்று கால்வாசி போனால் மிச்சம் 750. தினமும் 120 துண்டு விழுகிறது. இது கோடைக் கணக்கு. டிசம்பரில் சியாட்டில் பக்கம் போனால் அந்த ஐந்து மணி, இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். எந்த ஊர், எந்த மாசம் என்று சொல்லாமல் ‘200 வாட் தாராளம்’ என்பது, சம்பளம் தெரியாமல் வாடகை பேசுகிற மாதிரி.

இரண்டாவது புகார்தான் பெரிசு. ஒயரிங் வந்ததும் கேமரா ஓட்டமாக ஓடுகிறது. 1,200 வாட் ஹேர் டிரையர், அமெரிக்க வீட்டின் 120 வோல்ட்டில் இழுப்பது 10 ஆம்பியர். அதையே 12 வோல்ட் பேட்டரியில் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 100 ஆம்பியருக்கும் மேல். மெல்லிசு ஒயர் தாங்காது, உருகும். சுற்றிலும் பிளைவுட், மேலே மெத்தை, அதில் ஆள் தூங்குகிறார். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வேண்டும். அது காப்பாற்றுவது சாமானை அல்ல, ஒயரை. ‘ஏன் அங்கே?’ என்பதை விளக்க அரை நிமிஷம் போதும். கிடாருக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

நல்லவர்களும் உண்டு. மேகம் போட்ட நாளில் மீட்டரைக் காட்டுகிறவர்கள், பேனல் வாங்குமுன் ஒரு வாரம் செலவை எழுதி வைக்கச் சொல்கிறவர்கள். பார்க்கச் சுவாரஸ்யம் கம்மிதான். நம்பலாம்.

அடுத்த தடவை இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், ஃபியூஸ் எங்கே என்று தேடுங்கள். இல்லையென்றால், கிடாரை மட்டும் ரசித்துவிட்டு மூடிவிடுங்கள்.