பின்னால் எட்டு அங்குலம்

பழைய போர்ஷே 911-ஐ முன்னாலிருந்து பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் நேரே பின்பக்கம் போய்க் குனிந்து, டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல் நுழையும் என்று பார்ப்பார்கள். அந்தக் காரின் குணமும் அழகும் அங்கேதான் இருக்கின்றன.

எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரங்களின் தலையில். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வால் முந்திக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து வைக்கப் பின்னால் அகலமான டயர் வேண்டும். 1973-ஆம் ஆண்டு கரேரா ஆர்எஸ் 2.7 காரில் போர்ஷே முன்னால் 6 அங்குல ரிம், பின்னால் 7 அங்குல ரிம் போட்டது. டயரின் அகலம் முன்னால் 185 மில்லிமீட்டர், பின்னால் 215. அதற்கு இடம் கொடுக்கப் பின்பக்க உடலை 42 மில்லிமீட்டர் அகலமாக்கினார்கள். ஆர்எஸ் என்றாலே எல்லோரும் வாத்து வால் ஸ்பாய்லரைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த 42 மில்லிமீட்டர்தான் பெரிது.

அதற்குள் உட்கார்ந்திருப்பது ஃபுக்ஸ் ரிம். ஜெர்மனியின் மைனர்ட்ஸ்ஹாகன் ஊரில் ஓட்டோ ஃபுக்ஸ் நிறுவனம் அலுமினியத்தை ஃபோர்ஜ் செய்து உருவாக்கிய ஐந்து இதழ்ச் சக்கரம். 1966-இல் 911 எஸ் காரோடு வந்தபோது அகலம் நாலரை அங்குலம்தான். பிறகு ஐந்தரை, 6, 7, 8 என்று வளர்ந்தது.

இந்த வளர்ச்சிக்குள் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் வந்து பதியும் முகம் வெளிப்பக்கமாக எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். இந்த எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். 6 அங்குல ஃபுக்ஸுக்கு 36 மில்லிமீட்டர். 7 அங்குலத்துக்கு 23.3, 8 அங்குலத்துக்கு 10.6. கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 12.7, அதாவது சரியாக அரை அங்குலம். அப்படியென்றால் ரிம்மின் உள்விளிம்பு இருந்த இடத்தைவிட்டு அசையவேயில்லை. கூடிய அங்குலம் முழுதும் வெளிப்பக்கம் போயிருக்கிறது. உள்ளே சஸ்பென்ஷனோடு சண்டை இல்லை. வெளியே இதழ்கள் உள்வாங்க, பளபளக்கும் விளிம்பு ஆழமாகிக்கொண்டே போகிறது. 6 அங்குல ரிம் தட்டை மாதிரி இருக்கும். 8 அங்குலம் கிண்ணம். அலங்காரத்துக்கென்று யாரும் குடைந்த ஆழமல்ல இது. அதனால்தான் கண்ணுக்குச் சலிப்பதில்லை.

911 டர்போவுக்குப் பின்னாளில் வந்த 9 அங்குல ரிம்மில் இந்த ஒழுங்கு உடைகிறது. அதன் ஆஃப்செட் 15. எட்டோடு ஒப்பிட்டால் உள்ளே 17 மில்லிமீட்டரும் வெளியே 8 மில்லிமீட்டரும் கூடுகின்றன. டர்போவின் அகன்ற உடலுக்கு அது சரி.

மாற்றியமைப்பவர்கள் அதிகம் கைவைப்பது 1978 முதல் 1983 வரை வந்த 911 எஸ்சி. கம்பெனி கொடுத்தது முன்னால் 6, பின்னால் 7. அந்த உடலுக்குள் 8 போகுமா என்ற கேள்விக்கு போர்ஷேயே பதில் சொல்லிவிட்டது: அதே உடல்கோட்டில் வந்த 3.2 கரேராவின் கடைசி ஆண்டான 1989-இல் பின்னால் 8 அங்குலம் போட்டார்கள். டயர் 225/50 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 50 சதவீதம்), 16 அங்குலம். இந்த டயர் 6 முதல் 8 அங்குலம் வரையான ரிம்மில் ஏறும். ஏழில் அதன் பக்கச்சுவர் கொஞ்சம் பிதுங்கும். எட்டில் நிமிர்ந்து நிற்கும். ரிம் ஓர் அங்குலம் கூடினால் டயரின் அகலமும் சுமார் 10 மில்லிமீட்டர் கூடும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் மட்கார்டில் டயரை உரசவிடுகிறார்கள்.

பதினைந்து அங்குல ரிம்தான் பழமைக்குப் பொருத்தம் என்று வாதாடுபவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதில் 225/50 ஏற்றினால் டயரின் மொத்த உயரம் 606 மில்லிமீட்டர். அசல் 215/60-க்கு அது 639. மூன்று சென்டிமீட்டர் குறைந்ததும் மட்கார்டு வளைவுக்குள் வெற்றிடம் பல்லிளிக்கும். 16 அங்குலத்தில் 631 வருகிறது, கண் ஒத்துக்கொள்கிறது.

ஜப்பானின் நாகாய் அகிரா 911-இன் மட்கார்டையே அறுத்துவிட்டு, அகன்ற மட்கார்டுகளை போல்ட் போட்டுப் பூட்டுகிறார். என் ரசனை அதுவல்ல. ஆனாலும் அகலத்துக்கு உரிய இடத்தை அவர் கொடுத்துவிடுகிறார். அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டி, விளிம்பை மட்டும் காட்டும் பழக்கத்தைத்தான் சகிக்க முடியவில்லை. ரோட்டைப் பிடிப்பது டயர்தானே? நடைபாதைக் கல்லில் முதலில் இடிபடப்போவதும் அந்த விளிம்புதான்.

பின்னால் மட்டும் அகலத்தைக் கூட்டினால் இன்னொரு வினை வரும். வால் சாலையைக் கவ்விக்கொள்ள, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். அதனால் எஸ்சிக்கு என் தீர்ப்பு: 16 அங்குல ரிம், முன்னால் 7-இல் 205/55, பின்னால் 8-இல் 225/50. 9 அங்குல ஆசை இருப்பவர்கள் டர்போ உடலைத் தேடட்டும். வாங்குமுன் காரின் இரு பக்கமும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்து 911-களில் இடதும் வலதும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பது அரிது.