கறையும் சாயமும்

2024 ஏப்ரலில் லண்டனின் பார்பிகன் கலை மையம் ஊதாவும் இளஞ்சிவப்பும் உடுத்திக்கொண்டது. ஏரிக்கரை முற்றத்தைப் பார்த்த கான்கிரீட் முகப்பின்மேல் கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர் கைத்தறித் துணியைப் போர்த்தியிருந்தார். படைப்பின் பெயர் 'பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்'. சிமமாண்டா இங்கோசி அடிச்சியின் 2003ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. சாம்பல் சுவருக்குப் பழகிய கண்களுக்கு அது திருவிழாதான். ஆனால் மஹாமாவின் முந்தைய படைப்புகளை அறிந்தவர்களை இந்த நிறம் கொஞ்சம் திகைக்க வைத்திருக்கும்.

அதுவரை பெரும்பாலும் அவர் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததில்லை. பொருளோடு வந்த நிறத்தையே ஏற்றுக்கொண்டார். 1987இல் வட கானாவின் தமாலேயில் பிறந்த அவர், 2012 வாக்கில் கையிலெடுத்த பொருள் சாக்கு. ஆசியாவில் நெய்த சணல் சாக்குகளைக் கானாவின் கொக்கோ வாரியம் இறக்குமதி செய்கிறது. முதலில் அவற்றில் கொக்கோ விதை ஏறும். பிறகு சந்தையில் வேறு தானியங்களுக்குக் கைமாறும். நைந்து, கிழிந்து, ஒட்டுப்போட்டு, இனி எதுவும் தாங்காது என்ற நிலையில் கரி வியாபாரியிடம் போய்ச் சேரும். மூட்டைக்கு உரியவர் மையால் எழுதிய பெயர், ஏற்றுமதி முத்திரை, மழையில் ஊறிய வளையம், கரித்தூள் எல்லாம் அந்த ஒரே இழையில் தங்கிவிடும். மஹாமா புதுச் சாக்கைக் கொடுத்து இந்தப் பழஞ்சாக்கை வாங்கினார். தெற்கு நகரங்களுக்குப் பிழைக்க வந்த வடபகுதித் தொழிலாளர்களோடு உட்கார்ந்து அவற்றை ஒன்றோடொன்று தைத்தார். அக்ராவின் தேசிய அரங்கம் வரை பல கட்டடங்கள் அந்தச் சாக்கைப் போர்த்திக்கொண்டன.

2015 வெனிஸ் பியன்னாலேயில் ஒக்குயி என்வெசோர் தொகுத்த கண்காட்சிக்காக, அர்செனாலே வளாகத்தின் நீண்ட நடைபாதையில் இருபுறமும் உயர்ந்த சுவர்களில் சாக்குகள் தொங்கின. படைப்பின் பெயர் 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்'. ஒருகாலத்தில் வெனிஸின் கப்பல்களைக் கட்டிய இடம் அது. கடல் வணிகத்தால் செழித்த நகரத்தின் சுவரில் சரக்கின் உறை. பார்ப்பவர் இரண்டு சாக்குச் சுவர்களுக்கு நடுவே நடந்தே ஆக வேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒட்டு, தையல், பெயர். இந்தக் கட்டுரையின் கணிப்பில் மஹாமாவின் ஆகச் சிறந்த துணிப் படைப்பு இதுதான். பழுப்பைக் கூர்ந்து பார்க்கப் பார்க்க அது பல பழுப்புகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பழுப்பும் யாரோ சுமந்ததன் அடையாளம்.

அதே பியன்னாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது எல் அனாட்சுயிக்குக் கிடைத்தது. மதுப் புட்டி மூடிகளைத் தட்டி, மடித்து, செம்புக் கம்பியால் கோத்து, துணிபோல் மடிந்து விழும் உலோக விரிப்புகளைச் செய்பவர் அவர். அந்தச் சிவப்பும் தங்கமும் மதுக் கம்பெனிகள் மூடியில் அடித்த நிறங்கள். ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரைக்குச் சாராயத்தோடு வந்த வரலாறு நிறத்துக்குள்ளேயே இருக்கிறது. யின்கா ஷோனிபாரே வேறொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறார். ஆப்பிரிக்கத் துணி என்று உலகம் நம்பும் பளபளப்பான மெழுகு அச்சுத் துணி, ஜாவாவின் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. அதை லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில் வாங்கித் தலையில்லாத உருவங்களுக்கு உடுத்துகிறார் ஷோனிபாரே. அது யாரும் உடுத்திப் பழசாகாத புதுத் துணி. இருந்தாலும் அதன் நிறத்துக்கு ஒரு பயணக் கதை உண்டு.

மஹாமாவின் முறையில் குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, திரும்பத் திரும்ப வருதல். அக்ராவில் சாக்கு தொங்கியபோது, அந்த நகரம் தான் தினமும் சுமப்பதைத் தன் மேலேயே பார்த்தது. அதே சாக்கு ஐரோப்பிய நகரங்களில் ஒவ்வொரு கட்டடமாக ஏறும்போது, கட்டடம் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. போர்த்துதல் ஒரு கையெழுத்தாக இறுகிவிடும் ஆபத்து இது. கட்டடங்களைத் துணியால் போர்த்திய கிறிஸ்டோ, ஜான்-க்ளாட் தம்பதிக்கும் இந்த ஆபத்து இருந்தது. ஆனால் அவர்களின் துணி சில வாரங்களில் அவிழ்ந்துவிடும், விற்பனைக்கு வராது.

மஹாமாவின் சாக்கு விற்பனைக்கு வந்தது. 2015இல் இரண்டு கலை வணிகர்களுக்கும் அவருக்கும் மூண்ட வழக்கு அமெரிக்க நீதிமன்றம் வரை போய், அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. பெரும் விரிப்பைத் துண்டுதுண்டாக நறுக்கிச் சட்டத்தில் இழுத்துக் கட்டியவை அவருடைய படைப்புகளா என்பதே சச்சரவு. துண்டுகள் 294. நறுக்கி மாட்டியதும் சாக்கு வெறும் அழகான பழுப்பு ஓவியமாகிவிட்டது. தையல் வரிசையும் அளவும் சேர்ந்துதான் அதற்குப் பொருள் தந்தன என்பதை அந்த வழக்கு கசப்போடு காட்டிக்கொடுத்தது. மறுபக்கம், விற்பனையில் வந்த பணத்தை மஹாமா எங்கே போட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். தமாலேயில் 2019இல் ஒரு சமகாலக் கலை மையத்தையும் 2020இல் ரெட் க்ளே என்ற பெரும் வளாகத்தையும் எழுப்பினார். அங்கே பழைய ரயில் பெட்டிகளும் விமானங்களும் பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்க்க நிற்கின்றன.

இனி பார்பிகன். அந்தக் கான்கிரீட்டுக்கும் ஒரு கைக்கதை உண்டு: காய்ந்து இறுகியபின், தொழிலாளர்கள் கருவியைக் கையில் பிடித்து அங்குலம் அங்குலமாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிய சுவர் அது. கட்டடம் எழுந்த கிரிப்பிள்கேட் பகுதி 1940 டிசம்பர் குண்டுவீச்சில் எரியும்வரை துணி வணிகத்தின் இருப்பிடம். அங்கே கைத்தறித் துணி திரும்பி வந்தது தற்செயலான அலங்காரம் என்று தோன்றவில்லை. இளஞ்சிவப்பு அந்தச் சொரசொரப்பை மறைத்து, அதேநேரம் அதை நினைவுபடுத்தியது. படைப்பின் வலிமையான இடம் இது.

அந்தத் துணியின்மேல் சுமார் நூறு படகாரிகளைத் தைத்திருந்தார்கள். படகாரி வட கானாவின் தொளதொளத்த மேலாடை; குறுகிய கைத்தறிப் பட்டைகளை இணைத்துத் தைப்பது. அரசரும் உடுத்துவார், உழவரும் உடுத்துவார். 1957 மார்ச்சில் நாட்டின் விடுதலையை அறிவித்தபோது க்வாமே என்க்ருமா உடுத்தியிருந்தது இதைத்தான். தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பொத்திவைத்திருந்த ஆடைகளை மஹாமா பண்டமாற்றாகப் பெற்றார். சாக்கில் இருந்த கறையும் ஒட்டும் இந்த ஆடைகளில் உண்டு. அவை ஏறியது பல மாடி உயரத்தில். கீழே நின்றவருக்குப் பளிச்சென்ற ஊதாதான் தெரிந்தது. யாரோ ஒரு பாட்டனாரின் முழங்கைத் தேய்மானம் புள்ளியாகச் சிறுத்தது. வெனிஸில் கைக்கு எட்டியது லண்டனில் கேமராவின் ஜூமுக்குத்தான் எட்டியது. சாயம் கறையை விழுங்கிவிட்டது என்பதே இந்தப் படைப்பின்மேல் வைக்க வேண்டிய கடுமையான குற்றச்சாட்டு.

இன்னொன்றும் உறுத்துகிறது. சாக்கில் வியாபாரிகளின் பெயர்கள் இருந்தன. பிழைப்புக்காகத் தெற்கே போகும் தொழிலாளர்கள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அடையாளம் தெரியட்டும் என்று முன்கையில் பச்சைகுத்திக்கொள்ளும் பெயர்களையும் மஹாமா படமெடுத்துக் காட்டியவர். பெயரின் அருமை தெரிந்தவர். இந்த 2,000 சதுர மீட்டரை நெய்து தைத்தவர்கள் மட்டும் "நூற்றுக்கணக்கான கைவினைஞர்கள்" என்ற எண்ணிக்கையாகக் கரைந்தார்கள். தறிக்காரர்களுக்கு வேலை கிடைத்தது நல்ல விஷயம். ஊதாவின் ஏதோ ஒரு கரையில் அவர்கள் பெயரையும் நெய்ய இடம் இருந்தது.

துணியை ஒன்றுசேர்த்தது தமாலேயின் அலியு மஹாமா கால்பந்து மைதானத்தில். அவ்வளவு துணியை விரிக்க வேறு இடம் போதவில்லை. அங்கே எடுத்த படங்களில் ஊதாத் துணி புல்மேல் படுத்திருக்கிறது. தைப்பவர்கள் அதன்மேலேயே உட்கார்ந்து, குனிந்து, ஊசி கோக்கிறார்கள். அந்தப் படங்களில் நிறம் கண்ணுக்கும் கைக்கும் ஒரே தூரத்தில் இருக்கிறது.